காரில் சப்வூஃபருக்கான ஆம்ப்ளிஃபையரும் வடிகட்டி அமைப்பும்

காரில் சப்வூஃபர் அமைப்பு என்பது, தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளை மட்டும் தனியே பிரித்து, தனி ஆம்ப்ளிஃபையர் (மிகைப்பி) மூலம் வலுப்படுத்தி, அதற்கென உருவாக்கப்பட்ட பெரிய ஸ்பீக்கரில் ஒலிக்கச் செய்யும் முறையாகும். ஒலியைப் பிரிக்கும் வேலையை வடிகட்டிகள் (ஃபில்டர்) செய்கின்றன. ஆம்ப்ளிஃபையரின் கெயின், வடிகட்டியின் வெட்டு அதிர்வெண், ஸ்பீக்கரின் ஓம் அளவு, மின்கம்பியின் தடிமன் ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் அமைப்பு சரியாக இயங்கும். பொருந்தாவிட்டால் ஒலி கெடும், ஸ்பீக்கர் சுருள் எரியும். கம்பி சூடேறி வண்டியே தீப்பற்றும் வாய்ப்பும் உண்டு.

மண்ணூரும் சுற்றுவட்டாரமும்

மண்ணூர், காஞ்சிபுரம் மாவட்டம் ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில் உள்ள ஊர். இதைச் சுற்றியுள்ள ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதி இந்தியாவின் முக்கிய வாகன உற்பத்தி வட்டாரங்களுள் ஒன்று. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் சான்ட்ரோ காருடன் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இலும், பாரத்பென்ஸ் லாரிகளைத் தயாரிக்கும் டைம்லர் ஆலை 2012இலும், ராயல் என்ஃபீல்டு ஆலை 2013இலும் இயங்கத் தொடங்கின.

ஆலையிலிருந்து வெளிவரும் சிறிய கார்களில் பெரும்பாலும் கதவு ஸ்பீக்கர்கள் மட்டுமே இருக்கும். குறைந்த விலை வகைகளில் அதுவும் இரண்டோ நான்கோதான். சப்வூஃபரைப் பின்னர் வாங்கிப் பொருத்துவதே வழக்கம். இதற்கான பொருட்களுக்குச் சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, புதுப்பேட்டை, ரிச்சி தெரு ஆகியவை பெயர் பெற்றவை. சொந்தக் கார்களைத் தவிர, சுற்றுலா வேன்களிலும் இத்தகைய அமைப்புகளைக் காணலாம்.

தனி ஸ்பீக்கர் ஏன் தேவை

மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்சு முதல் 20,000 ஹெர்ட்சு வரை கேட்கும். நான்கு தந்தி பாஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி சுமார் 41 ஹெர்ட்சில் ஒலிக்கிறது. தவில், பறை, டிரம்ஸ் போன்றவற்றின் அடியில் உள்ள கனமும் பெரும்பாலும் 100 ஹெர்ட்சை ஒட்டியோ அதற்குக் கீழோ அமைகிறது.

ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். ஆகவே 40 ஹெர்ட்சு ஒலியின் அலைநீளம் 8.5 மீட்டருக்கு மேல். இவ்வளவு நீண்ட அலையை உரக்க எழுப்ப அதிகக் காற்றை முன்னும் பின்னும் தள்ள வேண்டும். ஆறு அங்குலக் கதவு ஸ்பீக்கரின் கூம்பு அந்த அளவுக்கு அசையாது. வற்புறுத்தி அசைத்தால் பாடகரின் குரலும் சேர்ந்து நடுங்கும். எனவே தாழ்ந்த ஒலியைக் கதவு ஸ்பீக்கரிடமிருந்து விலக்கி, 8, 10 அல்லது 12 அங்குல சப்வூஃபரிடம் ஒப்படைக்கிறார்கள்.

காரின் உட்புறமும் இதற்கு உதவுகிறது. உட்புற நீளம் 2.5 மீட்டர் எனக் கொண்டால், ஏறத்தாழ 70 ஹெர்ட்சுக்குக் கீழே அரை அலைநீளம் அந்த நீளத்தை மிஞ்சிவிடும். அதற்குக் கீழே ஒலி அலையாகப் பரவுவதற்குப் பதிலாக உட்புறக் காற்றழுத்தம் முழுவதும் ஒன்றாக ஏறி இறங்குகிறது. இதனால் வீட்டில் மெலிந்து கேட்கும் தாழ்ந்த ஒலி காரில் தானாகவே வலுப்பெறுகிறது. சிறிய காரில் ஒரு 8 அங்குல சப்வூஃபரே போதுமானதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

வடிகட்டிகளின் வகைகள்

தாழ்கடத்தி வடிகட்டி: குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழுள்ள ஒலிகளை மட்டும் விடுகிறது. ஆம்ப்ளிஃபையரில் இது 'எல்பிஎஃப்' எனக் குறிக்கப்பட்டிருக்கும். சப்வூஃபருக்கு இதுவே முதன்மை வடிகட்டி.

உயர்கடத்தி வடிகட்டி: குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மேலுள்ளவற்றை மட்டும் விடுகிறது. 'எச்பிஎஃப்' எனப்படும். கதவு ஸ்பீக்கர்களுக்கு இது தேவை.

சப்சானிக் வடிகட்டி: காது சரியாகக் கேட்காத, ஆனால் கூம்பை வெகுதூரம் அசைக்கக்கூடிய மிகத் தாழ்ந்த அதிர்வெண்களை நீக்குகிறது. இதுவும் ஒருவகை உயர்கடத்தி வடிகட்டியே.

வடிகட்டி குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒலியைக் கத்தி வைத்ததுபோல் அறுத்துவிடுவதில்லை. அங்கிருந்து சரிவாகக் குறைக்கிறது. இந்தச் சரிவு ஒரு ஸ்தாயிக்கு இத்தனை டெசிபெல் என்று அளக்கப்படுகிறது. ஸ்தாயி என்பது அதிர்வெண் இரட்டிப்பாகும் இடைவெளி. எடுத்துக்காட்டாக, 80 ஹெர்ட்சில் 12 டெசிபெல் சரிவுடன் வைத்த தாழ்கடத்தி வடிகட்டி 160 ஹெர்ட்சில் ஒலியை ஏறத்தாழ 12 டெசிபெல் குறைக்கும். அதாவது அங்கு திறன் 16இல் ஒரு பங்காகிவிடும். 24 டெசிபெல் சரிவானால் திறன் சுமார் 250இல் ஒரு பங்காகும். சரிவு செங்குத்தாக இருந்தால் சப்வூஃபரிலிருந்து ஆண் குரல் கசிந்து, பாட்டு டிக்கியிலிருந்து வருவதுபோல் தோன்றும் குறை நீங்கும்.

வடிகட்டிகளின் வளைவு வடிவங்களுக்குத் தனிப்பெயர்கள் உண்டு. பிரித்தானியப் பொறியாளர் ஸ்டீஃபன் பட்டர்வொர்த் 1930இல் விவரித்த வடிவம் வெட்டு அதிர்வெண்ணில் 3 டெசிபெல் குறைவைத் தரும். ஹியூலெட்–பேக்கர்ட் நிறுவனத்தில் பணியாற்றிய சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி ஆகியோரின் பெயரால் வழங்கும் வடிவத்தை லிங்க்விட்ஸ் 1976இல் வெளியிட்டார். இதில் வெட்டு அதிர்வெண்ணில் 6 டெசிபெல் குறைவு இருக்கும். 24 டெசிபெல் சரிவுள்ள இவ்வகையில் தாழ்கடத்தியும் உயர்கடத்தியும் ஒரே கட்டத்தில் சேர்வதால், இரண்டும் கூடும்போது மொத்த ஒலி மேடு பள்ளமின்றிச் சமமாக அமைகிறது.

ஆம்ப்ளிஃபையருக்கு முன்பா, பின்பா?

மின்தேக்கியும் கம்பிச்சுருளும் கொண்டு ஆம்ப்ளிஃபையருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் வைக்கப்படுவது செயலற்ற வடிகட்டி. 4 ஓம் ட்வீட்டருக்குத் தொடராக 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வைத்தால் சுமார் 4,000 ஹெர்ட்சுக்குக் கீழுள்ளவை குறையத் தொடங்கும். இது மலிவானது, கைக்கு அடக்கமானது.

இதே முறையில் 4 ஓம் சப்வூஃபருக்கு 80 ஹெர்ட்சு வடிகட்டி செய்ய ஏறத்தாழ 8 மில்லிஹென்றி சுருள் தேவை. அது கனமான செம்புச் சுருளாக இருக்கும். அதன் மின்தடையே ஆற்றலை வெப்பமாக வீணாக்கும். எனவே சப்வூஃபருக்கான வடிகட்டலை ஆம்ப்ளிஃபையருக்கு முன்பே, சிறிய மின்னலைகளில் செய்துவிடுகிறார்கள். இது செயலுறு வடிகட்டி. இன்றைய ஆம்ப்ளிஃபையர்களில் இது உள்ளேயே இருக்கும். இலக்கமுறை ஒலிச் செயலி (டிஎஸ்பி) உள்ளவற்றில் அதிர்வெண், சரிவு, கால தாமதம் அனைத்தையும் கைப்பேசியிலோ கணினியிலோ மாற்றலாம்.

ஆம்ப்ளிஃபையரைத் தேர்ந்தெடுத்தல்

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பெரிய வாட் எண் பெரும்பாலும் நொடிப்பொழுது உச்சத் திறன். தொடர்ந்து தரக்கூடியது ஆர்எம்எஸ் திறன். இதை அறிய எளிய வழி ஆம்ப்ளிஃபையரின் ஃபியூஸைப் பார்ப்பது. 30 ஆம்பியர் ஃபியூஸ் கொண்ட டி-வகை ஆம்ப்ளிஃபையரில் 13.8 வோல்ட்டை 30ஆல் பெருக்கி, 80 விழுக்காடு செயல்திறன் எனக் கொண்டால் ஏறத்தாழ 330 வாட் வரும். பெட்டியில் 1,200 என்று போட்டிருந்தாலும் தொடர்ந்து கிடைப்பது இந்த அளவை ஒட்டியே இருக்கும்.

அடுத்தது ஓம் கணக்கு. இரட்டைச் சுருள் சப்வூஃபர்களில் இரண்டு 4 ஓம் சுருள்களை இணையாக இணைத்தால் 2 ஓம், தொடராக இணைத்தால் 8 ஓம். இரண்டு 2 ஓம் சுருள்கள் என்றால் முறையே 1 ஓம், 4 ஓம். ஆம்ப்ளிஃபையர் தாங்கும் குறைந்தபட்ச ஓம் அளவுக்குக் கீழே போகக்கூடாது. நான்கு சேனல் ஆம்ப்ளிஃபையரின் இரு சேனல்களைச் சேர்த்து ஒன்றாக்கும்போது (பிரிட்ஜிங்) ஒவ்வொரு சேனலும் ஸ்பீக்கரின் பாதி ஓமையே உணரும். 4 ஓம் சப்வூஃபர் அப்போது 2 ஓம் சுமையாகிறது.

கம்பி, ஃபியூஸ், எர்த்

முழுத் திறனில் 300 வாட் தரும் டி-வகை ஆம்ப்ளிஃபையர் பேட்டரியிலிருந்து சுமார் 27 ஆம்பியர் இழுக்கும். பேட்டரி முன்னாலும் ஆம்ப்ளிஃபையர் டிக்கியிலும் இருப்பதால் கம்பி 5 மீட்டர் வரை நீளும். 8 கேஜ் செம்புக் கம்பியில் (சுமார் 8.4 சதுர மில்லிமீட்டர்) இந்த மின்னோட்டம் ஏறத்தாழ 0.28 வோல்ட் இழப்பைத் தரும். 4 கேஜ் கம்பியில் இழப்பு 0.11 வோல்ட்டாகக் குறையும்.

கடைகளில் கிடைக்கும் விலை குறைந்த கம்பிகள் பல செம்புப் பூச்சிட்ட அலுமினியம். இவற்றின் மின்தடை அதே தடிமன் செம்பைவிட ஒன்றரை மடங்கு அளவில் இருக்கும். கம்பியின் முனையைச் சுரண்டிப் பார்த்தால் வெள்ளி நிறம் தெரியும். வெள்ளீயம் பூசிய செம்பும் மேலே வெள்ளையாகவே இருக்கும். ஆனால் அதைச் சுரண்டினால் உள்ளே செம்பு நிறம் வரும்.

முதன்மை ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபையரில்தான் ஃபியூஸ் இருக்கிறதே என்று இதை விட்டுவிடுவது மிக ஆபத்தான தவறு. ஆம்ப்ளிஃபையரின் ஃபியூஸ் ஆம்ப்ளிஃபையரை மட்டுமே காக்கும். இன்ஜின் அறைத் தகட்டின் துளையில் கம்பியின் உறை தேய்ந்து பாடியைத் தொட்டால், மின்னோட்டம் ஆம்ப்ளிஃபையர் வரை போகாமலேயே பேட்டரியின் முழு வலுவும் அக்கம்பியில் பாயும். கம்பி சிவந்து, அருகிலுள்ள பிளாஸ்டிக்கும் பஞ்சும் தீப்பிடிக்கும். பேட்டரிக்கு அருகிலுள்ள ஃபியூஸ் மட்டுமே இதைத் தடுக்கும். அதன் அளவு கம்பி தாங்கும் மின்னோட்டத்தை மிஞ்சக்கூடாது. 8 கேஜ் செம்புக் கம்பிக்கு 40 ஆம்பியர் பொருத்தமானது. தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் (குரோமெட்) இன்றிக் கம்பியை நுழைக்கக்கூடாது.

எர்த் கம்பியும் அதே தடிமனில், 45 சென்டிமீட்டருக்கு மிகாமல், பெயின்ட் சுரண்டிய பாடித் தகட்டில் இறுக்கப்பட வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டை இதற்குப் பயன்படுத்தலாகாது. பக்கவாட்டுத் தூண்களில் ஏர்பேக் உள்ள கார்களில் அதன் மேலாகவோ குறுக்காகவோ கம்பி ஓட்டக்கூடாது. மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற உறையுள்ள கம்பிகள் உயர் மின்னழுத்தம் கொண்டவை. அவற்றை எக்காரணம் கொண்டும் தொடக்கூடாது. சப்வூஃபருக்கான மின்சாரம் அவற்றிலும் 12 வோல்ட் பேட்டரியிலிருந்தே எடுக்கப்படுகிறது.

ஒளி விளக்குகள் மங்குவதைத் தடுக்க 1 ஃபாரட் மின்தேக்கி வாங்கும் பழக்கம் உண்டு. அது 14 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்கும்வரை தருவது 26 ஜூல் ஆற்றல் மட்டுமே. 300 வாட் ஆம்ப்ளிஃபையருக்கு இது நொடியில் பத்தில் ஒரு பங்குக்குக்கூடப் போதாது. அதே பணத்தில் தடித்த செம்புக் கம்பி வாங்குவது மேல்.

சமிக்ஞை இணைப்பு

ஆலையிலேயே பொருத்தி வரும் மியூசிக் சிஸ்டத்தில் ஆர்சிஏ வெளியீடு இல்லாவிட்டால், ஸ்பீக்கர் கம்பியிலிருந்தே சமிக்ஞையை எடுத்து ஆம்ப்ளிஃபையரின் உயர்மட்ட உள்ளீட்டில் தரலாம். அந்த உள்ளீடும் இல்லையெனில் இடையில் ஒரு மாற்றி வேண்டும். சில சிஸ்டங்கள் கதவு ஸ்பீக்கரைக் காப்பதற்காக, ஒலியைக் கூட்டும்போது தாழ்ந்த ஒலியைத் தாமாகவே குறைத்துவிடும். அவ்வாறான கார்களில் சப்வூஃபர் மெதுவான ஒலியில் முழங்கி, கூட்டினால் மெலியும். இது ஆம்ப்ளிஃபையரின் கோளாறு அன்று.

சமிக்ஞைக் கம்பியைக் காரின் ஒரு பக்கமும் மின்கம்பியை மறுபக்கமும் கொண்டுசெல்வது இரைச்சலைக் குறைக்கும்.

கெயின் அமைக்கும் முறை

கெயின் திருகு ஒலியளவுத் திருகு அன்று. மியூசிக் சிஸ்டத்தின் வெளியீட்டு மின்னழுத்தத்துக்கு ஆம்ப்ளிஃபையரைப் பொருத்துவதே அதன் வேலை. தேவைக்கு மேல் வைத்தால் அலையின் உச்சி தட்டையாக நறுக்கப்படும். இதற்குக் கிளிப்பிங் என்று பெயர். முற்றிலும் தட்டையாகிச் சதுரமாகிவிட்ட அலை, அதே உச்சமுள்ள சீரான அலையைவிட இருமடங்கு திறனைச் சுருளில் செலுத்தும். சுருள் எரிவதற்கு இதுவே பொதுவான காரணம்.

சாதாரண மல்டிமீட்டர் கொண்டு கெயினை அமைக்கலாம்:

1. சப்வூஃபர் கம்பியை ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்ற வேண்டும். கழற்றிய முனைகள் ஒன்றையொன்று தொடக்கூடாது.
2. கெயினைக் குறைந்த அளவிலும், பேஸ் பூஸ்ட்டைச் சுழியத்திலும், தாழ்கடத்தி வடிகட்டியை அதன் உச்ச அதிர்வெண்ணிலும், சப்சானிக் வடிகட்டியை மிகக் குறைந்த நிலையிலும் வைக்க வேண்டும். மியூசிக் சிஸ்டத்தின் ஈக்குவலைசரும் சமநிலையில் இருக்க வேண்டும்.
3. இன்ஜினை இயக்கி, திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, 50 ஹெர்ட்சு சோதனை ஒலியை இயக்க வேண்டும். மல்டிமீட்டர்கள் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்சைத் துல்லியமாக அளக்கும்படி அமைந்தவை என்பதால் இந்த அதிர்வெண் ஏற்றது.
4. மியூசிக் சிஸ்டத்தின் ஒலியளவை உச்சத்தில் முக்கால் பங்குக்கு வைக்க வேண்டும்.
5. மல்டிமீட்டரை மாறுமின்னழுத்த நிலையில் வைத்து ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் முனைகளில் அளக்க வேண்டும்.
6. கணக்கிட்ட மின்னழுத்தம் வரும்வரை கெயினை மெல்லக் கூட்டி அங்கேயே விட வேண்டும்.

தேவையான மின்னழுத்தம் என்பது வாட்டையும் ஓமையும் பெருக்கி வரும் எண்ணின் வர்க்கமூலம். 300 வாட், 4 ஓம் என்றால் 1,200இன் வர்க்கமூலமான 34.6 வோல்ட். 250 வாட், 2 ஓம் என்றால் 22.4 வோல்ட். இங்கு ஆம்ப்ளிஃபையரின் ஆர்எம்எஸ் திறன், சப்வூஃபரின் ஆர்எம்எஸ் திறன் இரண்டில் எது குறைவோ அதையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வடிகட்டியை அமைத்தல்

கெயின் முடிந்ததும் சோதனை ஒலியை நிறுத்தி, ஆம்ப்ளிஃபையரை அணைத்துச் சப்வூஃபரை மீண்டும் இணைக்கலாம். தாழ்கடத்தி வடிகட்டியை 80 ஹெர்ட்சிலும், கதவு ஸ்பீக்கர்களின் உயர்கடத்தி வடிகட்டியை அதே அளவிலும் வைத்துத் தொடங்குவது வழக்கம். கதவு ஸ்பீக்கர் சிறிதாயின் இரண்டையும் 100 வரை உயர்த்தலாம். குரல் பின்னாலிருந்து வந்தால் தாழ்கடத்தியை 70 அல்லது 60க்கு இறக்க வேண்டும்.

சப்சானிக் வடிகட்டியின் நிலை பெட்டியைப் பொறுத்தது. மூடிய பெட்டியில் உள்ளிருக்கும் காற்றே வில்போல் கூம்பைப் பிடித்துக்கொள்வதால் அவசரமில்லை. துளையுள்ள பெட்டியில், துளைக்கு வகுத்த அதிர்வெண்ணுக்குக் கீழே கூம்புக்குப் பிடிமானம் இல்லை. துளை 35 ஹெர்ட்சுக்கு வகுக்கப்பட்டிருந்தால் வடிகட்டியை 28 முதல் 30 ஹெர்ட்சில் வைப்பது பாதுகாப்பானது.

கடைசியாகக் கட்டம். ஓட்டுநர் இருக்கைக்குச் சப்வூஃபர் கதவு ஸ்பீக்கரைவிட 2 மீட்டர் அதிகத் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். 80 ஹெர்ட்சு அலையின் நீளம் 4.3 மீட்டர். ஆகவே இரண்டு ஒலிகளும் ஏறத்தாழ அரை அலை பிந்தி, ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பெரிய சப்வூஃபர் இருந்தும் முன் இருக்கையில் அடி கேட்காமல் போவதற்கு இது ஒரு காரணம். ஆம்ப்ளிஃபையரின் கட்ட விசையை 0, 180 என மாற்றியோ, ஸ்பீக்கர் கம்பியின் கூட்டல் கழித்தல் முனைகளை மாற்றியோ கேட்டு, ஓட்டுநர் இருக்கையில் அடி நிறைவாகக் கேட்கும் நிலையை வைத்துக்கொள்ள வேண்டும். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

பொதுவான கோளாறுகள்

இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலி: ஆல்டர்னேட்டர் இரைச்சல். பெரும்பாலும் எர்த் இணைப்பின் குறையால் வருவது.

சிறிது நேரத்தில் ஆம்ப்ளிஃபையர் தானாக நிற்பது: அதிக வெப்பம், ஓம் அளவு குறைவு, அல்லது மின்னழுத்த வீழ்ச்சி.

அடிக்கு அடி டிக்கியில் கடகட ஒலி: நம்பர் பிளேட்டும் தகடும் அதிர்வது. அதிர்வுத் தடுப்புப் பட்டை ஒட்டினால் அடங்கும்.

கருகிய வாடை: உடனே அணைக்க வேண்டும். ஃபியூஸ் அடிக்கடி போனால் பெரிய ஃபியூஸ் போடுவது தீர்வன்று. காரணத்தைக் கண்டறிய வேண்டும்.

வெயிலும் வெள்ளமும்

கோடையில் ஆலை வாகன நிறுத்தத்தில் நாள் முழுதும் வெயிலில் நிற்கும் காரின் உட்புறம் கடுமையாகச் சூடேறும். ஆம்ப்ளிஃபையரைக் கார்ப்பெட்டுக்கு அடியில் மூடி வைத்தால் வெப்பம் வெளியேற வழியிராது. மேற்புறம் காற்றோட்டம் இருக்க வேண்டும்.

ஏரிகள் நிறைந்த இம்மாவட்டத்தில் மழைக்காலமும் கருதத்தக்கது. 2015 டிசம்பர் வெள்ளம் சென்னையையும் காஞ்சிபுரம் மாவட்டத்தையும் கடுமையாகத் தாக்கியது. இருக்கைக்கு அடியில் வைக்கும் ஆம்ப்ளிஃபையர், கதவு வழியே நீர் புகுந்தால் முதலில் நனையும். நனைந்திருந்தால் பேட்டரி அருகிலுள்ள ஃபியூஸைக் கழற்றிவிட்டு, முழுதும் உலர்ந்து சோதித்த பின்பே மீண்டும் இணைக்க வேண்டும்.

செவியும் சட்டமும்

85 டெசிபெல் ஒலியில் நாளுக்கு 8 மணி நேரம் என்பது தொழிலிடச் செவிப் பாதுகாப்பில் பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகிறது. 100 டெசிபெல்லில் அது 15 நிமிடம் மட்டுமே. அச்சுப் பிரிவிலும் இயந்திரப் பிரிவிலும் பகல் முழுதும் இரைச்சலில் இருந்து திரும்பும் தொழிலாளிக்கு, வீடு திரும்பும் பயணத்தின் ஒலியும் அந்த நாளின் கணக்கிலேயே சேரும்.

இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்பது வரம்பு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. தாழ்ந்த ஒலி சுவரையும் கண்ணாடியையும் எளிதில் ஊடுருவும் என்பதால், தெருவில் செல்லும் காரின் அடி வீட்டுக்குள் உறங்குபவரை எழுப்பும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே ஓட்டுபவருக்கு ஆம்புலன்சின் ஒலியும் பின்வண்டியின் ஹாரனும் கேட்கும்படி ஒலியளவு இருக்க வேண்டும்.

புதிய காரில் ஆலைக் கம்பிகளை வெட்டி இணைத்தால் மின் பகுதிகளுக்கான உத்தரவாதம் மறுக்கப்படலாம். வெட்டாமல் செருகி இணைக்கும் கப்ளர்கள் பல மாடல்களுக்குக் கிடைக்கின்றன. வேலை முடிந்ததும், பேட்டரிக்கு அருகில் ஃபியூஸ் உள்ளதா, தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் உள்ளதா, எர்த் இறுக்கமாக உள்ளதா என்ற மூன்றையும் வண்டியின் உரிமையாளர் தம் கண்ணால் பார்த்த பின்பே வண்டியை எடுப்பது நல்லது.